வெண்கலக் கேடகங்களை இறக்கிவைப்பது எப்படி

சாலொமோன் ராஜா, அடித்த பொன்தகட்டால் 300 கேடகங்களைச் செய்வித்து லீபனோன் வனம் என்னும் மாளிகையில் வைத்தான். ஒவ்வொரு கேடகத்துக்கும் மூன்று இராத்தல் பொன் சென்றது என்று 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரம் கணக்குச் சொல்கிறது. அவனுடைய மகன் ரெகொபெயாம் அரசாண்ட ஐந்தாம் வருஷத்தில் எகிப்தின் ராஜாவாகிய சீஷாக் எருசலேமுக்கு எதிராக வந்து, அவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். ரெகொபெயாம் அவற்றுக்குப் பதிலாக வெண்கலக் கேடகங்களைச் செய்வித்தான்; ராஜா கர்த்தருடைய ஆலயத்துக்குள் பிரவேசிக்கும்போதெல்லாம் அரமனைச் சேவகர் அந்த வெண்கலத்தைப் பிடித்துக்கொண்டு போய், பிறகு தங்கள் அறையில் திரும்ப வைத்தார்கள்.

14ஆம் அதிகாரத்தில் உள்ள இந்தச் சில வசனங்களில் என் மனத்தைத் தைப்பது, பொன் போனது அல்ல; ஆலயத்துக்குப் போவது நிற்கவில்லை என்பதே. நேரம் மாறவில்லை, வழி மாறவில்லை, சேவகரின் அணிவகுப்பும் மாறவில்லை. நன்றாகத் துலக்கிய வெண்கலம் வெயிலில் மின்னும்போது, தெருவோரத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் பொன்னாகவே தெரிந்திருக்கும். தேவனை வெளிப்படையாக விட்டுவிட்டவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிற, காணிக்கை கொடுக்கிற, வேதத்தை அறிந்த நம்மைப் போன்றவர்கள் எந்த இடத்தில் பொன்னை இழந்து வெண்கலத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம் என்பதை இனங்கண்டு, அதை இறக்கிவைப்பதற்கு உதவியாக எழுதுகிறேன்.

இதை நான் முதலில் விளங்கிக்கொண்டது, கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில்தான். 2022இல் பொருளாதார நெருக்கடியில் இலங்கை தள்ளாடியபோது எங்கள் வீட்டின் நான்கு காப்புகளும் அடகுக்குப் போயின. என் மனைவி கவரிங் காப்புகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவற்றோடு போன முதல் கல்யாண வீட்டில், யாரும் உற்றுப் பார்த்துவிடக்கூடாது என்று சேலைத் தலைப்புக்குள் கைகளை வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது வீட்டில் அவ்வளவு கூச்சமில்லை. மூன்றாவது வீட்டில் அது கவரிங் என்பதையே மறந்துவிட்டதாக, திரும்பி வரும்போது அவரே சொன்னார். நகையைப் பொறுத்தவரை அந்த மறதி நல்லதுதான், ஏனெனில் நகை உயிரல்ல. தேவனோடுள்ள உறவில் அதே மறதி வந்துவிட்டால் அது மிகவும் ஆபத்தானது.

அதே ஆண்டின் மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் நான்காம் மாடியில், செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், மெழுகுதிரியைச் சுற்றி உட்கார்ந்து பாடினோம், ஜெபித்தோம், ஒரு சங்கீதத்தை மாறி மாறி வாசித்தோம். அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு அந்த ஜெபம் எந்த நாளில் நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதன் இடத்தில், ஒவ்வொரு காலையும் ஒரு வசனப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. உறவினர்கள் கைகூப்பும் படத்தைப் பதிலாக அனுப்புவார்கள். அந்த வசனத்தை நான் வாசிக்காமலே அனுப்பிய நாட்கள் பல. அது என் வெண்கலக் கேடகம்.

முதலிடம் என்றால் என்ன

"முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்று மத்தேயு 6:33 சொல்லும்போது, நாம் பெரும்பாலும் வைத்தியரைக் காணக் காத்திருக்கும் இடத்தில் கொடுக்கப்படும் இலக்கத் துண்டைப்போல அதை எண்ணிக்கொள்கிறோம். முதலாம் இலக்கக்காரர் உள்ளே போய் வந்ததும் அவருடைய காரியம் முடிந்தது. பிறகு இரண்டாம் இலக்கம் அழைக்கப்படும். அப்படியே காலையில் பத்து நிமிடம் தேவனுக்கு, அதன்பின் அலுவலகம், அதன்பின் வீடு என்று பகிர்ந்துகொடுத்துவிட்டு, அவருக்கு முதலிடம் கொடுத்துவிட்டதாக நிம்மதி அடைகிறோம். தேவன் முதலாவதாக இருப்பது என்றால், இரண்டாவதும் மூன்றாவதும் எப்படி நடக்கவேண்டும் என்பதையும் அவரே தீர்மானிப்பது என்று பொருள். காலை ஜெபம் அதன் தொடக்கம் மாத்திரமே.

தேவனுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பதிலிகள் கெட்டவையாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சொன்ன சாக்குகள் வயல், ஐந்தேர் மாடு, விவாகம் ஆகியவையே. அவற்றில் ஒன்றுகூடப் பாவம் அல்ல. இன்றைய கொழும்பில் அந்த வயல் தவணை முறையில் வாங்கும் தொடர்மாடி வீடாகவும், அந்த மாடுகள் பிள்ளையின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறாகவும் இருக்கலாம். நல்லதாக இருப்பதனாலேயே அவை நம்முடைய சந்தேகத்துக்குத் தப்பிவிடுகின்றன.

ஏழு நாள் கொப்பி

வெண்கலத்தை இனங்காண, ஒரு சிறிய கொப்பியை எடுத்து ஏழு நாட்களுக்கு மூன்று காரியங்களை மட்டும் எழுதுங்கள். காலையில் கண் விழித்ததும் கை எதைத் தேடியது? பேருந்தில் நின்றுகொண்டோ கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகும் ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டோ பயணம் செய்யும்போது, யாரும் கட்டாயப்படுத்தாமலே மனம் எங்கே போய் நின்றது? அன்று எதை இழந்துவிடுவோமோ என்று பயந்தீர்கள், அல்லது யார் எதைத் தொட்டபோது கோபம் வந்தது? அந்த ஏழு நாட்களில் எதையும் திருத்த முயலவேண்டாம். திருத்தத் தொடங்கினால், நம்மை அறியாமலே நல்ல பதில்களை எழுதத் தொடங்குவோம். காய்ச்சலைக் குறைத்துவிட்டு அதை அளப்பதில் பயனில்லை.

நான் முதன்முதலாக எழுதியபோது, ஏழு காலைகளில் ஐந்து காலைகளுக்கு எதிரே "டொலர்" என்று எழுதியிருந்தேன். எனக்கு டொலரில் வருமானமும் இல்லை, கடனும் இல்லை. ஆனாலும் அன்றைய மாற்றுவிகிதத்தைப் பார்க்காமல் எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை; அது இறங்கியிருந்தால் அந்த நாள் முழுவதும் ஒரு சமாதானம், ஏறியிருந்தால் ஒரு கலக்கம். சமாதானத்தை யாரிடம் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதை அந்த ஒரு சொல் எனக்குக் காட்டியது. ஜீவத்தண்ணீர் ஊற்றாகிய என்னை விட்டுவிட்டு, தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்று எரேமியா 2:13இல் கர்த்தர் முறையிடுகிறார். மொட்டைமாடியில் உள்ள தொட்டி வெடித்தால் என்ன நடக்கும் என்பது தொடர்மாடியில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். இரவு முழுவதும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும்.

எட்டாம் நாள் அந்தக் கொப்பியைத் தனியாக வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்று நிச்சயம் இருக்கும். அந்தச் சொல்லைக் கர்த்தருக்கு முன்பாக வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, இது வெண்கலம்." அதை அழகான ஜெபமொழியில் மூடவேண்டாம். ரெகொபெயாமின் சேவகர்கள் வெண்கலத்தைத் துலக்குவதில் எத்தனை மணிநேரம் செலவிட்டார்களோ தெரியாது. ஆனால் எவ்வளவு துலக்கினாலும் அது பொன்னாவதில்லை. எங்கள் காப்புகள் கவரிங்கைத் துடைத்ததனால் திரும்பி வரவில்லை. அடகுக்கடைக்குப் போய், வட்டியோடு கொடுத்துத்தான் இரண்டை மீட்டோம். மற்ற இரண்டும் ஏலத்தில் போய்விட்டன. நம்மை மீட்பதற்கான விலையைக் கிறிஸ்து செலுத்திவிட்டார். ஆயினும் அவரிடத்துக்கு நடந்து போகவேண்டியவர்கள் நாமே.

இறக்கிவைத்த இடத்தை வெறுமையாக விடாமல் இருப்பது

ஒரு பழக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டால், பெருக்கி அலங்கரிக்கப்பட்ட வீட்டுக்கு அசுத்த ஆவி ஏழு துணைகளோடு திரும்பி வந்ததாக லூக்கா 11இல் ஆண்டவர் சொன்னதே நடக்கும். கைத்தொலைபேசியை விட்டவர் தொலைக்காட்சியைப் பிடிப்பார். ஆகவே முதலில் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி இரவில் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். விழிப்பதற்கு ஒரு சாதாரண எலார்ம் மணிக்கூடு போதும். எழுந்ததும் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஏனெனில் கண்ணால் மட்டும் வாசிக்கும்போது மனம் ஓடிவிடும். பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் இருங்கள். முதல் சில நாட்களுக்கு அந்த ஐந்து நிமிடம் மிக நீளமாக இருக்கும். மனம் ஆயிரம் கணக்குகளைக் கொண்டுவரும். அதற்காக எழுந்து போய்விடவேண்டாம். கேட்கவேண்டியவற்றை அதன் பின்னர் கேளுங்கள்.

அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணும்படி மத்தேயு 6:6 சொல்கிறது. ஆனால் ஒரு சிறிய அனெக்ஸில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தில் பூட்டுவதற்குக் கதவு எங்கே என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அவர் கடைசியில் கண்டுபிடித்த இடம் குசினி. அதிகாலையில் அரிசி உலையில் இருக்கும் இருபது நிமிடத்தில், ஒரு சிறிய முக்காலியில் உட்கார்ந்து, புதிய ஏற்பாட்டை மடியில் வைத்துக்கொள்வார். பானை பொங்கும்போது ஆமென் சொல்லவேண்டும் என்றார். எந்த இடம் என்பதைவிட, ஒவ்வொரு நாளும் அதே இடம் என்பதே பெரிது. தானியேல் எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்த மேலறையில் தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டதைச் சிங்கக்கெபி வந்த நாளில் புதிதாகத் தொடங்கவில்லை. தான் முன் செய்துவந்தபடியே செய்தான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். சம்பளம் வங்கிக்கு வந்த அன்றே, மின்கட்டணத்துக்கும் சீட்டுக்காசுக்கும் முன்னதாக, தேவனுக்குரியதைப் பிரித்து ஒரு உறையில் வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுப்பவர், தேவனுக்குக் கடைசியிடத்தையே கொடுக்கிறார். சாறிபாத்தின் விதவையிடம் எலியா முதலாவது தனக்கு ஒரு சிறிய அடையைப் பண்ணிக் கொண்டுவரும்படி கேட்டபோது, அவளிடம் பானையில் இருந்தது ஒரு பிடி மாவு. தொகை சிறியதாக இருக்கலாம், வரிசைதான் முக்கியம். ஆனால் கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு கொடுப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். அப்படிக் கொடுப்பவர் தேவனுக்கு முதலிடம் கொடுக்கவில்லை. பணத்துக்கே முதலிடம் கொடுத்து, தேவனை அதற்கு முகவராக்குகிறார்.

இரண்டு வாசல்கள்

பதிலிகள் நம் வீட்டுக்குள் வரும் வாசல்கள் இரண்டு. ஒன்று இழப்பு, அது ரெகொபெயாமின் வாசல். மற்றது வசதி, அது அதே காலத்தில் வடக்கே ஆண்ட யெரொபெயாமின் வாசல். "நீங்கள் எருசலேமுக்குப் போகிறது உங்களுக்கு வருத்தம்" என்று சொல்லித்தான் அவன் இரண்டு பொன் கன்றுக்குட்டிகளைப் பெத்தேலிலும் தாணிலும் வைத்தான். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னரும், 2020இல் ஊரடங்கு வந்தபோதும், ஆலயக் கதவுகள் மூடியிருந்த நாட்களில் திரையில் ஆராதித்தது நமக்குக் கிடைத்த இரக்கம். படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு அது இன்றும் இரக்கமே. கால் நடக்கிறவர்களுக்கு, கொழும்பின் பிரதான சாலையான காலி வீதியின் வாகன நெரிசல் வருத்தமாகத் தெரிவதால் அது தொடருமானால், பெத்தேல் நம் வரவேற்பறைக்கே வந்துவிட்டது என்று அஞ்சுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தனியார் வகுப்பும் அதே வாசலால்தான் வருகிறது. என் மகன் உயர்தரம் படித்தபோது, இரசாயனவியல் வகுப்பு ஞாயிறு காலை எட்டு மணிக்கு வைக்கப்பட்டது. பெயர்பெற்ற ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். "ஒரு வருடந்தானே அப்பா" என்றான். நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு வருடம், சாதாரண தரத்துக்கு இரண்டு வருடம் என்று முன்பும் சொல்லியிருந்தோம் என்பதை என் மனைவி நினைவூட்டினார். அப்படிக் கூட்டிப் பார்த்தால், ஆலயத்தைவிடப் பரீட்சை பெரிது என்று ஒரு பிள்ளைப்பருவம் முழுவதும் நாமே அவனுக்குப் போதித்திருக்கிறோம். சனிக்கிழமை மாலை வகுப்பு நடத்தும் இன்னொரு ஆசிரியரைத் தேடினோம். அவருக்குப் பெயர் குறைவு. வகுப்பில் முப்பது பிள்ளைகளே. மகன் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பெறுபேறு எதிர்பார்த்ததைவிட ஒரு தரம் குறைவாகவே வந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் தேவனுக்கு முதலிடம் கொடுத்தால் மூன்று ஏ கிடைக்கும் என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது. "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று ஆபகூக் பாடியது அத்திமரம் துளிர்விடாத வருஷத்துக்காகத்தான்.

பெற்றோருக்கு ஒரு சொல்: இப்படிப்பட்ட தீர்மானத்தைப் பிள்ளையின் மேல் கட்டளையாக இறக்காதீர்கள். அவனோடு உட்கார்ந்து, உங்கள் கொப்பியை முதலில் அவனுக்குக் காட்டுங்கள். "டொலர்" என்ற சொல்லை என் மகன் வாசித்த பிறகுதான் அவனோடு என்னால் பேச முடிந்தது.

எல்லாவற்றிலும் கடினமானது வீசா. கொழும்புத் தமிழ் விசுவாசிகளின் ஜெபக்கூட்டங்களில் விண்ணப்பத் தாள்களை வாசித்தவர்களுக்கு இது தெரியும். நோய்க்கு அடுத்தபடியாக அதிகம் எழுதப்படுவது கனடாவும் இலண்டனும் அவுஸ்திரேலியாவுமே. போக விரும்புகிறவர்களை நான் குறைசொல்லமாட்டேன். போரைக் கண்டவர்கள், வேலையை இழந்தவர்கள், பிள்ளைகளுக்குப் பயமில்லாத வாழ்வு வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஆபிரகாமும் தன் தேசத்தை விட்டுப் புறப்பட்டவனே. ஆனால் உபவாசம், விழிப்பு ஜெபம், பொருத்தனை எல்லாம் ஒரு முத்திரைக்காக மட்டும் ஏறெடுக்கப்பட்டு, அது கிடைத்த மறுவாரம் ஜெபமும் நின்றுபோகுமானால், நாம் யாரைத் தேடினோம்?

இதற்கு ஒரு வழியை மட்டும் சொல்கிறேன். வீசாவுக்காக ஜெபிக்கும் ஒவ்வொரு முறையும், கெத்செமனேயில் ஆண்டவர் சொன்ன "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற வார்த்தையை வாயால் சொல்லுங்கள். அது தொண்டையில் சிக்குகிறதா என்று பாருங்கள். சிக்கினால் பயப்படவேண்டாம், அந்த இடத்திலேயே நின்று ஜெபியுங்கள். கூட்டத்தில் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தைவிட அந்தச் சிக்கல்தான் உங்களுடைய உண்மையான ஜெபக்குறிப்பு. அத்தோடு, போவது நிச்சயம் என்று எண்ணிக்கொண்டு இங்கே செய்யவேண்டிய அன்பைத் தள்ளிப்போடாதீர்கள். "எப்படியும் போகப்போகிறோம்" என்று சொல்லிப் பத்து வருடம் அயலவரின் பெயரையே கேட்காமல் வாழ்ந்த குடும்பங்களை நான் அறிவேன்.

ஊழியமும் வெண்கலமாகலாம் என்பதைத் தயக்கத்தோடு எழுதுகிறேன், ஏனெனில் சபையில் உண்மையாக உழைக்கிறவர்கள் ஏற்கெனவே களைத்திருக்கிறார்கள். பாடகர் குழு, ஞாயிறு பாடசாலை, நத்தார் நிகழ்ச்சி, நிதிக்குழு என்று ஓடுகிறவர், தனியாக ஒரு அதிகாரத்தை வாசித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கட்டும். எபேசு சபையின் கிரியைகளையும் பிரயாசத்தையும் பொறுமையையும் புகழ்ந்த பிறகே ஆண்டவர், "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்றார். அப்படி உணர்கிறவர் போதகரிடம் போய், மூன்று மாதம் ஒரு பொறுப்பிலிருந்து விடுதலை கேட்பது தவறல்ல. மார்த்தாளின் சமையலை ஆண்டவர் வெறுக்கவில்லை. தேவையானது ஒன்றே என்றார்.

போயா நாள்

ஒருமுறை இறக்கிவைத்த கேடகம் தானாக ஏறி வந்துவிடும். ரெகொபெயாம்கூட ஒருமுறை தன்னைத் தாழ்த்தினான். ஆனால் கர்த்தரைத் தேடுகிறதற்குத் தன் இருதயத்தை அவன் நேராக்கவில்லை என்று 2 நாளாகமம் 12 முடிக்கிறது. ஆகையால் மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறை இருக்கிறது. அலுவலகமும் இல்லை, வங்கியும் இல்லை. முந்திய ஏழு நாட்கள் கொப்பி எழுதி, அன்று அதை இன்னொருவரோடு வாசியுங்கள். கணவன் மனைவியாக இருக்கலாம், நம்பிக்கையான ஒரு நண்பராக இருக்கலாம். கேட்கிறவர் அறிவுரை சொல்லவேண்டாம். கேட்டுவிட்டு ஜெபித்தால் போதும்.

கடந்த போயா நாளில் என் கொப்பியில் "டொலர்" இரண்டு இடங்களில் இருந்தது. அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தன்னுடையதை எனக்கு வாசித்தார். மகன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவன் எழுந்து போய் மின்விளக்கை அணைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்து வந்து மேசையில் ஏற்றி வைத்தான். 63ஆம் சங்கீதத்தை மாறி மாறி வாசித்தோம். பாதியில் அடுத்த வீட்டுப் பிள்ளை கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டது. உள்ளே வந்து உட்காரச் சொன்னோம்.